தகவலாளி ஏழு

பாண்டிசெல்வியின் கைக்குத் தங்கச்சி எழுதிய ஆராய்ச்சிப் புத்தகம் வந்து சேர்ந்தது சித்திரை மாசம், மாங்காய்ப் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம்.

மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையை ஒட்டினாற்போல் பளியர் காலனி. முப்பது வீடு இருக்கும். பாதிப் பேருக்கு மாசியிலிருந்து ஆனி வரைக்கும் தோப்புக் காவல்தான் பிழைப்பு. ராஜபாளையத்துக்காரர் ஒருவரின் பதினெட்டு ஏக்கர் மாந்தோப்பைப் பாண்டிசெல்வியும் அவள் புருஷன் வேல்சாமியும் ஆறு வருஷமாகக் காத்துவந்தார்கள். பகலில் குரங்கு, பொழுது சாய்ந்தால் பன்றி, எப்போதாவது யானை. யானை வந்தால் வேல்சாமி தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுவான். பாண்டிசெல்வி காற்றை மோந்தே சொல்லிவிடுவாள், எந்த ஓடை வழியாக இறங்கியிருக்கிறது, குட்டி கூட இருக்கிறதா என்று.

புத்தகம் என்றால் கடையில் விற்கும் புத்தகம் இல்லை. கம்பிச்சுருள் போட்டு, மேலே கண்ணாடித்தாள் வைத்த முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாகஜோதி அதை மம்சாபுரம் பஸ் ஸ்டாப்பில் வைத்து வேல்சாமியிடம் கொடுத்து, அக்கா படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். மூன்று வாரத்தில் வாய்மொழித் தேர்வு. அது முடிந்தால் டாக்டர் நாகஜோதி. பொறவு டெல்லியில் பல ஊர் மலைமக்களிலிருந்து படித்து வந்த ஆய்வாளர்கள் கூடும் மாநாடு. அதிலும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வேல்சாமி கையைக் கைலியில் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட்டான். அதற்கு முந்தின மாசம் நாகஜோதியின் படம் பேப்பரில் வந்தபோது கத்தரித்துச் சுவரில் ஒட்டியவனும் அவன்தான். படத்தில் தங்கச்சி கையில் இருந்த, கிழங்கு தோண்டும் பாரை பாண்டிசெல்வியுடையது.

அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பாண்டிசெல்விக்கு நெஞ்சுக்குள் ஏதோ உரசும். பிடித்திருக்கிற பிடியே தப்பு. தோண்டத் தெரிந்தவள் அப்படிப் பிடிக்க மாட்டாள்.

உள்ளதைச் சொன்னால், வீட்டில் படிப்பில் கெட்டி மூத்தவள்தான். நாகஜோதி ஏழு வயசு இளையவள். அம்மா காட்டுக்குப் போகிற நாளெல்லாம் அக்கா இடுப்பில் கிடந்து வளர்ந்தவள். அவளை இடுக்கிக்கொண்டே பாடம் படித்து, பத்தாம் வகுப்பில் நானூற்றுச் சொச்சம் மார்க் வாங்கினாள் பாண்டிசெல்வி. பதினொன்றாம் வகுப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹாஸ்டலில் சேரப் போனபோது சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். மலைசாதிக்குத் தாசில்தார் கொடுக்க முடியாதாம். கோட்டாட்சியர் நேரில் வந்து விசாரித்துத்தான் தர வேண்டுமாம். அவர் வருவதற்கு இரண்டு வருஷம் ஆனது. வந்தார், அப்பாவிடம் தேன் எடுக்கிற விதத்தைக் கேட்டார், அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ஒரே நாளில் ஆளுக்கொரு சான்றிதழ் கிடைத்தது. அதற்குள் பாண்டிசெல்வி வேல்சாமிக்கு வாக்கப்பட்டு மாங்காய் சுமந்துகொண்டிருந்தாள். தங்கச்சி ஆறாம் வகுப்புக்கு ஹாஸ்டலில் சேர்ந்தாள்.

யார் மேலும் குற்றமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பாண்டிசெல்வியும் சொன்னாள். பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

புத்தகத்தைத் தோப்புப் பரணில் உட்கார்ந்து ஐந்து நாள் படித்தாள். மூன்று அத்தியாயம் வரைக்கும் யார் யாரோ வெள்ளைக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று இருந்தது. நாலாவது அத்தியாயம் காட்டு வள்ளிக்கிழங்கு. அதில் வரிக்கு வரி அவள் குரல் கேட்டது. கிழங்கை முழுசாகப் பிடுங்கக் கூடாது. அடிப்பாகத்தை எடுத்துக்கொண்டு கொடியோடு தலையை விட்டுவிட வேண்டும். மண்ணைத் தள்ளிச் சருகு போட்டு மூடிவிட்டு, இரண்டு வருஷத்துக்கு அந்தக் குழிப்பக்கம் போகக் கூடாது. எந்தக் குழி யாருடையது என்று பெண்டுகளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாசம், கருவாடு உரசிக்கொண்டே அவள் சொன்னதை நாகஜோதி எதிரில் உட்கார்ந்து போனில் பதிந்துகொண்டாள். அதற்கப்புறம் அக்கா பின்னாலேயே நாலு நாள் மலையேறினாள். அதையெல்லாம் வைத்துக் கடைசியில் எழுதியிருந்தாள், பளியர்கள் கண்ட இடத்தில் தோண்டித் தின்று அலைகிறவர்கள் இல்லை, காட்டுக்குள்ளேயே வெள்ளாமை செய்கிறவர்கள் என்று. இதற்கு முன் எழுதிய பேராசிரியர் ஜகந்நாதன் இந்த இடத்தில் தவறிவிட்டார் என்றும் எழுதியிருந்தாள்.

பாண்டிசெல்விக்குப் படிக்கப் படிக்கப் பெருமையாகத்தான் இருந்தது. தன் பேர் எங்கே என்று தேடினாள். பின்னால் விவரம் சொன்னவர்களின் பட்டியல் ஒன்று இருந்தது.

‘தகவலாளி 7. பெண். வயது 36. கல்வி: பத்தாம் வகுப்பு, இடைநின்றவர். தொழில்: தோப்புக் கூலி.’

இடைநின்றவர் என்ற சொல்லை அவள் நாலைந்து தடவை படித்தாள். பரணுக்குக் கீழே குரங்குகள் பஞ்சவர்ண மாமரத்தில் இறங்கி ஒரு கொப்பையே காலி பண்ணியதை அவள் பார்க்கவில்லை. அன்றைக்குப் பறிப்புக்கு வந்த மேஸ்திரியிடம் வேல்சாமி ஏச்சு வாங்கினான்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் வெங்கடேஸ்வரி, அளந்து பேசுகிற பிள்ளை, புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டு தானும் சித்தி மாதிரி ஆக வேண்டும் என்றாள். ஏன், அம்மா மாதிரி ஆனால் ஆகாதா என்று பாண்டிசெல்வி கேட்டாள். பிள்ளை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது.

இந்த நேரத்தில்தான் ஜகந்நாதன் சார் வந்தார்.

அவர் ராஜபாளையத்தில் குடியிருப்பவர். பக்கத்தில் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தைந்து வருஷமாக, முன்பு டேப்ரிக்கார்டரோடும் இப்போது போனோடும் காலனிக்கு வந்துபோகிறார். மலைமக்களைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியிருந்தார். சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சான்றிதழ்களுக்காகத் தாலுகா ஆபீசுக்கும் கோட்டாட்சியர் ஆபீசுக்கும் செருப்புத் தேய நடந்தவர் அவர்தான். நாகஜோதி தன்னிடம் ஆராய்ச்சிக்குச் சேருவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பல்கலைக்கழகத்தில் ப்ரியம்வதா மேடத்திடம் சேர்ந்துவிட்டாள்.

வெயிலில் வந்தவருக்குப் பாண்டிசெல்வி மோர் கொடுத்தாள். சார் சுவரில் ஒட்டியிருந்த பேப்பர் படத்தைச் செத்த நேரம் பார்த்தார். பொறவு, தன்னை டெல்லிக்கு ஒருதடவைகூடக் கூப்பிட்டதில்லை என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். பையிலிருந்து டைப் அடித்த ஒரு தாளை எடுத்தார். தேர்வுக்கு முன் எல்லோரும் பார்க்க வைத்திருந்த பிரதியைப் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய புகார். நாலாம் அத்தியாயத்தில் உள்ள விவரங்களை வெகு காலம் முன்பே தான் பேராசிரியர் ஜகந்நாதனிடம் சொல்லியிருப்பதாகவும், தங்கை தன் சம்மதம் இல்லாமல் அதைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பாக எழுதியிருப்பதாகவும், விசாரிக்காமல் பட்டம் தரக் கூடாது என்றும் இருந்தது. எல்லாம் பாண்டிசெல்வி சொல்வதுபோல.

“நீ சொன்னதுதானே அம்புட்டும்? உன் பேரு எங்கயாச்சும் இருக்கா?” என்றார் சார். “நான் உனக்காகத்தான் சொல்றேன்.”

“ஒங்ககிட்ட எப்ப சார் சொன்னேன்?”

“எத்தனையோ தடவ பேசியிருக்கோமே. எல்லாமா ஞாபகம் இருக்கும்?”

அவள் தாளை முழுக்கப் படித்தாள். ஏமாந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று பின்னால் காலனியில் சிலர் சொன்னார்கள், அது உண்மையில்லை. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். நாலெழுத்துப் படித்தவள் கையெழுத்து, கோடு பிசகாமல் அழகாக விழுந்தது. சார் போனபிறகு அவளுக்குக் கொஞ்ச நேரம் உடம்பெல்லாம் லேசாக இருந்தது. அன்றைக்கு இரண்டு வட்டில் சோறு சாப்பிட்டாள்.

பத்தாம் நாள் மத்தியானம் நாகஜோதி வந்துவிட்டாள். மம்சாபுரத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்து முகம் கன்றிப்போயிருந்தது. தேர்வை நிறுத்தி வைத்துவிட்டார்கள், காலனியிலிருந்தே யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள், பேரைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று வேல்சாமியிடம் சொன்னாள். மாநாட்டுக்காரர்களுக்கும் செய்தி போய்விட்டதாம். வேல்சாமி கொதித்துப்போய் வீடு வீடாகக் கேட்கக் கிளம்பினான். நாலு வீடு தள்ளி இருக்கிற மாரீஸ்வரனாக இருக்கும், அவனுக்குத்தான் நம்மைக் கண்டால் ஆகாது என்றான். பாண்டிசெல்வி அடுப்படிக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைத்து, கருவாட்டுக் குழம்பும் மாங்காய்ப் பச்சடியும் செய்து தங்கச்சிக்குப் போட்டாள்.

நாலு நாள் அப்படிப் போனது. நாகஜோதி பெரும்பாலும் பாயில் சுருண்டு கிடந்தாள். ஒருநாள் அக்கா மடியில் தலைவைத்து, “நம்மாளுகளுக்கே நான் படிச்சது பொறுக்கலைன்னா பொறவு யாருக்காக எழுதுறது?” என்று கேட்டாள். பாண்டிசெல்வி அவள் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஓடவில்லை. ஆனால் அந்த நேரத்திலும் அவளுக்குள் ஒரு மூலையில் குளுகுளுவென்று இருந்தது. தங்கச்சியும் இப்போது அவளைப்போலவே பாதியில் நிற்கிறாள். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே தன்மேல் பயம் வந்தது.

ஐந்தாம் நாள் காலையில் தபால்காரர் காமராஜ் சைக்கிளை வாசலில் நிறுத்திப் பாண்டிசெல்வி பேரைக் கூப்பிட்டார். அவள் குழாயடியில் இருந்தாள். நாகஜோதிதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பல்கலைக்கழகத்து முத்திரையைப் பார்த்ததும் பிரித்துவிட்டாள். புகார்தாரர் பாண்டிசெல்வி வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணைக் குழு முன் நேரில் வர வேண்டும் என்று இருந்தது.

குடத்தோடு உள்ளே வந்த அக்காவிடம் அந்தத் தாளை நீட்டினாள். சத்தம் போடவில்லை.

“நீயாக்கா?”

“ஆமா.”

“எதுக்கு?”

பாண்டிசெல்வி குடத்தை இறக்கி வைத்தாள். “எம் பேரு இல்லையேட்டி அதுல. ஏழாம் நம்பருன்னு இருக்கு. இடைநின்றவர்னு இருக்கு.”

“பேரு போடக் கூடாதுங்கறது விதி. எல்லாருக்கும் நம்பர்தான்.”

“அப்ப ஜகந்நாதன் சார் பேரு இருக்கே. பதினோரு எடத்துல இருக்கு. நான் எண்ணிப் பாத்தேன்.”

நாகஜோதி பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு மாரீஸ்வரன் வீட்டுக்குப் போய்விட்டாள். நாலு நாளாக ஏச்சு வாங்கிய வீடு அது. வேல்சாமி அன்றைக்கு முழுக்கப் பெண்டாட்டியிடம் பேசவில்லை. சாயங்காலம் பறித்த மாங்காய்களுக்கு வைக்கோல் பரப்பிப் பெட்டியில் அடுக்கும்போது மட்டும், ஒந் தங்கச்சிதானே அவ என்று கேட்டான். அதனாலதான் என்றாள் பாண்டிசெல்வி. வேறு யாராவது டாக்டர் ஆனால் எனக்கென்ன.

வியாழக்கிழமை மூன்று பஸ் மாறிப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாகவே போனாள். விசாரணை அறையில் நீளமேசை. குழுவுக்குத் தலைவி வைஜயந்தி என்ற அம்மாள். நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு பேராசிரியர்கள், ஓரத்தில் கம்ப்யூட்டரோடு டைப் அடிக்கும் பெண். ஜகந்நாதன் சார் ஒரு பக்கம், நாகஜோதியும் ப்ரியம்வதா மேடமும் எதிர்ப்பக்கம். தங்கச்சி நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதலில் நாகஜோதியைக் கேட்டார்கள். மற்ற இருபது தகவலாளிகளிடமும் சம்மதப் படிவம் வாங்கியிருக்கிறாய், ஏழாம் தகவலாளியிடம் ஏன் வாங்கவில்லை என்று. அக்காதானே என்று வாங்கவில்லை என்றாள். வைஜயந்தி அம்மாள் அது தப்பு என்று குறித்துக்கொண்டார்.

அடுத்து சார் பேசினார். தன் இருபத்தைந்து வருஷ உழைப்பைச் சொன்னார். இந்தப் பெண்டுகள் கையெழுத்துப் போடப் பழகுவதற்கு முன்பிருந்தே அவர்களுக்காகப் பேசிவருகிறேன் என்றார். பேசும்போது அவர் கண் திரும்பத் திரும்ப நாகஜோதியின் கையில் இருந்த டெல்லி அழைப்புக் கடிதத்துக்குப் போய்ப்போய் வந்தது. பாண்டிசெல்வி அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். வீட்டுச் சுவரில் ஒட்டிய படத்தைத் தான் எப்படிப் பார்ப்பாள் என்று அவளுக்குத் தெரியும். அதே பார்வைதான். வயசான மனுஷர் முகத்தில் அது இருக்கிறதைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

அவளைக் கேட்டபோது எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

“கிழங்கு வெவரம் சாருகிட்ட நான் சொன்னதில்லம்மா. சாரு எங்க காலனிக்கு வந்து ஆம்பளைககிட்டதான் கேப்பாரு. தேன் எடுக்கிறது ஆம்பளைக. கிழங்கு தோண்டுறது பொம்பளைக. சாருக்கு முழங்கால் வலி, மேல வர மாட்டாரு. அவிய பொஸ்தகத்தையே எடுத்துப் பாருங்க. நாங்க தோண்டிட்டு அப்படியே போயிருவோம்னுதான் எழுதியிருக்காரு. நான் சொல்லியிருந்தா அப்படி எழுதுவாரா?”

குழுவில் ஒருவர் மேசை மேலிருந்த சாரின் புத்தகத்தைப் புரட்டினார். அந்த வரி இருந்தது. தலைவியிடம் நகர்த்தினார்.

“அப்படீன்னா இந்தப் புகார்ல ஏன் கையெழுத்துப் போட்டீங்க? படிக்காம போட்டுட்டீங்களா?” என்று வைஜயந்தி அம்மாள் கேட்டார். கேட்ட விதத்தில், ஆமாம் என்று சொல்லிவிடு, இதோடு போகட்டும் என்ற கரிசனம் இருந்தது. ஜகந்நாதன் சார்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

பாண்டிசெல்வி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

“படிச்சுட்டுத்தான் போட்டேன். பொறாமைம்மா. அவ மேல எனக்குப் பொறாமை. சின்னதுலருந்தே உண்டு. நான் சொன்னது அம்புட்டும் அவ பேருல இருக்கு, எனக்கு நம்பர் இருக்கு. அத பாத்ததும் தாங்க முடியல. சம்மதம் வாங்கலைங்கறது நெசம். மத்தது பொய்.”

டைப் அடிக்கும் பெண் நிறுத்திவிட்டு, இதை அப்படியே எழுதவா என்று தலைவியைப் பார்த்தாள்.

“எழுதுங்க,” என்றாள் பாண்டிசெல்வி. “எம் பேரப் போட்டு எழுதுங்க.”

குழு அன்றைக்கே முடிவு சொல்லவில்லை. ஒரு மாசம் கழித்துக் கடிதம் வந்தது. ஏழாம் தகவலாளியின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும், அவர் விரும்பினால் பேரைப் போடலாம், அதன்பின் தேர்வை நடத்தலாம் என்று. டெல்லி மாநாடு அதற்குள் முடிந்துபோயிருந்தது. நாகஜோதி படிவத்தோடு வந்து, யாரோ அந்நியரிடம் கொடுப்பதுபோலக் கொடுத்தாள். பாண்டிசெல்வி இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ‘இடைநின்றவர்’ என்ற சொல்லை எடுக்கச் சொன்னாள். என்ன போடட்டும் என்றாள் தங்கச்சி. சான்றிதழ் வரலைன்னு போடு என்றாள் அக்கா. அடிக்குறிப்பாக அதை நாலு வரி எழுதினாள் நாகஜோதி.

தேர்வு ஆடி மாசம் நடந்தது. சாரல் கட்டியிருந்த நாள். பாண்டிசெல்வியும் போனாள், நாகஜோதி வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கூடம் நிறைய ஆள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், கிழங்கின் தலையை மூடும்போது எவ்வளவு ஆழம் என்று கேட்டார். நாகஜோதி சொன்ன கணக்கு சரிதான், ஆனால் ஈரமண்ணுக்கு அது ஒத்துவராது. பாண்டிசெல்விக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். நாகஜோதி சட்டென்று நிறுத்தி, கூட்டத்தில் பின்னால் பார்த்து, “இதுக்கு எங்கக்கா பாண்டிசெல்விதான் சரியாச் சொல்லுவா” என்றாள். எல்லாத் தலையும் திரும்பியது. பாண்டிசெல்வி எழுந்து, ஓடைக்கரை மண்ணுக்கு ஒரு சாண், மேட்டு மண்ணுக்கு முழங்கை ஆழம் என்று சொன்னாள். தேர்வாளர் எழுதிக்கொண்டார். கைதட்டியது தங்கச்சிக்குத்தான். டாக்டர் என்று கூப்பிட்டதும் தங்கச்சியைத்தான். பாண்டிசெல்வியும் கைதட்டினாள். உள்ளே உரசல் அப்படியேதான் இருந்தது.

வாசலில் ஜகந்நாதன் சார் நின்றிருந்தார். தேர்வு கேட்க வந்தாரா, வேறு வேலையாக வந்தாரா தெரியவில்லை. நாகஜோதியிடம் எதுவும் பேசாமல், பாண்டிசெல்வியைப் பார்த்து, நாலாம் அத்தியாயம் நல்லா வந்திருக்கு என்றார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மம்சாபுரம் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. ஜன்னல் ஷட்டர் இறங்காமல் சாரல் நாகஜோதியின் புதுச் சால்வையில் அடித்தது. அவள் அதை மடித்துப் பையில் வைத்தாள். பஸ் கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டியது. பொறவு, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்காவைப் பார்க்காமலே சொன்னாள்.

“விதின்னு சொன்னேன்ல, அது முழுசா நெசமில்லக்கா. கேட்டிருந்தா மேடம் பேரு போட விட்டிருப்பாங்க. எனக்குத்தான் மனசு வரல.”

“ஏன்?”

“நாலு நாள் ஒம் பின்னாலயே மலைக்கு வந்தேன். நீ பாட்டுக்குப் போற, நின்னு மோந்து பாக்குற, இங்க தோண்டுங்கற, கிழங்கு இருக்கு. எனக்கு ஒரு கொடிகூட அடையாளம் தெரியல. பதினேழு வருசம் ஹாஸ்டல்ல கெடந்தவளுக்கு என்ன தெரியும். பளியச்சின்னு டெல்லியில கூப்புடுறாங்க, நெசமான பளியச்சி நீதான்னு தோணிச்சு. ஒம் பேரையும் போட்டுட்டா எனக்குன்னு என்ன இருக்கு. எனக்கு ஒம் மேல பொறாமையா இருந்திச்சுக்கா.”

பாண்டிசெல்வி மாங்காய் சுமந்து காய்த்துப்போன தன் கையைப் பார்த்தாள். தன்னைப் பார்த்து, அதுவும் நாகஜோதி, பொறாமைப்பட இந்த உலகத்தில் ஒரு ஆள் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கோபம் வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வந்தது கோபமில்லை. முகம் தன்னால் மலரப் பார்த்ததை வெளிப்பக்கம் திரும்பி மறைத்துக்கொண்டாள்.

பஸ் இரைச்சலில் காதில் விழாததுபோலத் தங்கச்சி பக்கம் சாய்ந்தாள்.

“என்ன சொன்ன? சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்லு.”